ஐந்து மீட்டர் துணிக்கும் ஒரு வழி வேண்டும்

கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டத் தொழில் மையங்களின் பொது மேலாளர்களுக்கும், இரு மாநிலங்களின் கைத்தறித் துறை அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

தமிழ்நாட்டின் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை, எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை வரை, வீட்டின் முன்னறையிலோ கடைமாடியிலோ இரண்டு மூன்று தையல் எந்திரங்களைப் போட்டுக்கொண்டு, தாங்களே துணி வாங்கி, தாங்களே வடிவம் அமைத்து, சுடிதாரும் சட்டையும் குழந்தை உடுப்பும் தைத்து விற்கும் சிறு தொழிலகங்கள் ஏராளம். அவற்றுள் ஒன்றை நடத்துகிறவள் நான். தொழில்முனைவோர் கூட்டங்களுக்கு எங்களை அழைக்கிறீர்கள். அண்மைக் காலமாக அங்கே நீடித்த உற்பத்தி, பொறுப்பான நுகர்வு என்னும் பேச்சு தவறாமல் இடம்பெறுகிறது. ஐக்கிய நாடுகள் அவை வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பன்னிரண்டாவது இதுதான் என்று திரையில் காட்டப்படுகிறது. அந்த இலக்கோடு எங்களுக்கு எந்தப் பிணக்கும் இல்லை. நூல் விலை ஏறும்போதெல்லாம் துணி விலையும் ஏறுகிற தொழிலில், ஒரு சாண் துணியையும் வீணாக்கக் கூடாது என்பது எங்களுக்குக் கொள்கையாவதற்கு முன்பே வயிற்றுப்பாடாகிவிட்டது.

எங்கள் முறையீடு வேறு. நல்ல துணியை அடையாளம் கண்டு வாங்குவதற்கும், அதற்குச் சாயமிட்ட தண்ணீர் எங்கே போனது என்று அறிவதற்கும், வெட்டி எஞ்சியதை மறுபடியும் நூலாக்க அனுப்புவதற்கும் நாட்டில் ஏற்பாடுகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அவை அனைத்தும் ஆயிரம் மீட்டர், ஒரு லாரி பாரம் என்ற அளவுக்கு வகுக்கப்பட்டவை. ஐந்து மீட்டரும் பத்து மீட்டருமாக வாங்கி, மாதக் கடைசியில் ஒரு சாக்கு வெட்டுத்துணியை மிச்சம் வைக்கிற எங்களுக்கு அவற்றுள் ஒன்றும் எட்டுவதில்லை. இந்த மடல் அந்த அளவைப் பற்றியது மட்டுமே.

முதலில் துணியைச் சொல்கிறேன். எங்களுக்கு மிக அருகில் நல்ல துணி நெய்யப்படும் இடம் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் அழைத்துச் செல்லப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்டன; ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு என்று நெசவுக்காகவே அமைந்த தெருக்கள் இன்றும் இருக்கின்றன. ஊடுநூலைக் கொண்டுசெல்லும் நாடாவைக் கையால் எறிந்து நெய்யும் குழித்தறி, வெளுக்காத மெல்லிய பருத்தி, கஞ்சியிட்டுத் தெருவில் நீட்டிக் காயவைக்கும் பாவு (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) என்று அந்த ஊரின் வேலைமுறையைப் பார்த்தால், கூட்டங்களில் எங்களுக்குக் காட்டப்படும் வெளிநாட்டுப் படங்கள் தேவையற்றவை என்று தோன்றும். தறிக்கு மின்சாரம் வேண்டாம். துணியின் பெரும்பரப்பில் சாயமே இல்லை. மேலும், கேரளத்து உடைகளான முண்டும் நேரியதும் உடுத்தும் அளவிலேயே தறியிலிருந்து இறங்குகின்றன. வெட்டுக் கழிவு என்ற சிக்கல் தைத்த உடுப்போடு வந்ததேயன்றி அவற்றுக்கு உரியதல்ல.

ஆனால் அந்தத் துணியை மீட்டர் கணக்கில், சட்டைக்கும் சுடிதாருக்கும் ஏற்ற பன்னாவில், அதாவது அகலத்தில், நாங்கள் கேட்டால் கிடைப்பதில்லை. ஒரு பாவு முழுவதற்கும் சேர்த்துச் சொன்னால் நெய்து தரலாம் என்பார்கள். அதில் அவர்கள்மீது குறை இல்லை; பாவு ஓட்டி, இழை பிணைத்து, தறியில் ஏற்றுவதற்கு ஆகும் உழைப்பு ஐந்து மீட்டருக்கும் ஒன்றுதான், ஐம்பது மீட்டருக்கும் ஒன்றுதான். எங்களில் ஒருவரால் ஒரு பாவுக்கான பணத்தை முடக்கிவைக்க இயலாது. எங்களில் பத்துப் பேர் சேர்ந்தால் இயலும். சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதற்கு இடமும் கணக்கும் பொறுப்பாளரும் இல்லை என்பதே தடை.

ஆகவே நாங்கள் மொத்தக் கடைக்குப் போகிறோம். அங்கே கசவு என்னும் சரிகைக் கரை போட்ட எல்லாமே கைத்தறி என்றுதான் சொல்லப்படுகிறது. விசைத்தறியில் ஓடிய செட் முண்டு கேரளக் கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவது ஓணச் சந்தையில் எல்லாரும் அறிந்த இரகசியம். கைத்தறிக்கென 11 வகைத் துணிகளை ஒதுக்கிய சட்டம் 1985 முதல் இருக்கிறது. கைத்தறி முத்திரை 2006 முதல் இருக்கிறது. அந்த முத்திரை முழுச் சேலையிலோ, தான் எனப்படும் முழுத் துணிச் சுருளிலோ வருகிறது. தானிலிருந்து பத்து மீட்டர் வெட்டி வாங்குகிறவளின் கைக்கு முத்திரை வருவதில்லை, கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டுமே வருகிறது. பருத்திதானா என்று பார்ப்பதற்கு ஓரத்திலிருந்து நாலு இழையை உருவித் தீக்குச்சியால் கொளுத்திப் பார்ப்போம். காகிதம் எரிந்த வாசனையோடு பொடிச் சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, உருகிக் கறுத்து மணியாகக் கட்டினால் பாலியஸ்டர். கலப்பு நூலானால் இரண்டும் சேர்ந்து வரும். எங்களிடம் இருக்கும் ஆய்வுக்கூடம் அவ்வளவே. அது இழையைச் சொல்லுமே தவிர, தறியையும் சாயத்தையும் சொல்லாது.

அப்படியானால் சான்று பெற்ற இயற்கைப் பருத்தியை வாங்கலாமே என்று ஒரு கூட்டத்தில் எங்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. உலக இயற்கை ஜவுளித் தரம் என்று சொல்லப்படும் கோட்ஸ் சான்றின்படி, 95 விழுக்காடு இயற்கை வேளாண்மை இழை இருந்தால் ஒரு வகை முத்திரையும், 70 விழுக்காடு இருந்தால் வேறொரு வகை முத்திரையும் உண்டு. ஆனால் நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர், தைப்பவர் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் சான்று பெற்றிருக்க வேண்டும். கடைசிக் கண்ணியாகிய தையலகம் சான்று பெறவில்லையென்றால், துணி எவ்வளவு தூயதாக இருந்தாலும் உடுப்பில் அந்த முத்திரையைப் போட முடியாது. ஆண்டுதோறும் ஆய்வுக்கும் சான்றுக்கும் ஆகும் செலவு ஏற்றுமதிப் பனியன் நிறுவனத்துக்கு ஒரு சிறு கணக்கு. எங்களுக்கு அது அந்த ஆண்டின் இலாபம். முத்திரை இல்லாமல் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றால், அதற்கும் இப்போது வரம்பு உண்டு. பசுமை, சூழலுக்கு உகந்தது என்பன போன்ற சொற்களை ஆதாரமின்றி விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. அதை நான் முழு மனதுடன் வரவேற்கிறேன், ஏனெனில் பொய்ப் பசுமை விற்பவரின் போட்டியால் முதலில் அடிபடுகிறவர்கள் நாங்கள்தான். ஆனால் ஆதாரம் கேட்கும் அரசு, சிறு அளவில் வாங்குகிறவருக்கும் ஆதாரம் கிடைக்க வழி செய்ய வேண்டும் அல்லவா? எந்தச் சங்கத்தில், எந்தத் தறியில், எந்த எண் நூலில் நெய்தது, சாயம் இட்டதா இல்லையா, இட்டால் எங்கே என்று நாலு வரி எழுதி, தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்த ஒரு சீட்டு, வெட்டி வாங்கும் ஐந்து மீட்டரோடும் வந்தால் போதும். பன்னாட்டு முத்திரைக்கு அது ஈடாகாது. எங்கள் வாடிக்கையாளருக்கு அதுவே போதும்.

சாயத்தைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு உரிமை குறைவு, ஏனெனில் நாங்கள் யாரும் சாயமிடுவதில்லை. ஆனாலும் வாங்குகிறவருக்குப் பொறுப்பு உண்டு. திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் ஆறு எப்படி ஆனது என்பதும், பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாகிப்போனதும், கழிவுநீரை முற்றிலும் மீட்டுப் பயன்படுத்தாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் தமிழ்நாட்டில் எல்லாரும் படித்தவை. அங்கே சிக்கலின் பெரும்பகுதி நிறத்தில் இல்லை, உப்பில் இருந்தது. பருத்தியில் வினைச் சாயம் (இழையோடு வினைபுரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயம்) ஏற வேண்டுமானால் சாயநீரில் உப்புக் கரைக்க வேண்டும். நிறத்தின் அடர்த்திக்கேற்ப லிட்டருக்கு 40 முதல் 100 கிராம் வரை செல்லும். நிறத்தை நீக்கிவிட்டாலும் உப்பு தண்ணீரிலேயே நிற்கும். இதை அறிந்த பிறகு எங்கள் தையலகத்தில் கறுப்பையும் கருநீலத்தையும் குறைத்து, வெளிர் நிறங்களையும் சாயமிடாத துணியையும் கூட்டினோம். பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஆனால் வாடிக்கையாளரிடம் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

இங்கே ஒரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இயற்கைச் சாயம் என்ற பலகையைக் கண்டு நீங்களும் மயங்க வேண்டாம். மஞ்சிட்டியும் கடுக்காயும் நல்லவைதாம். ஆனால் சாயத்தைப் பிடிக்கவைக்கப் படிகாரத்துக்குப் பதிலாகக் குரோமிய உப்பைப் போட்டால் அந்தத் தண்ணீர் எந்தக் கால்வாய்க்கும் ஆகாது. எதனால் சாயமிட்டது என்பதோடு எதைக் கொண்டு பிடிக்கவைத்தது என்பதையும் அந்தச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இனி, எங்கள் கையில் முழுமையாக இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். துணியை வெட்டும்போது பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கழிவாகிறது, வளைவு மிகுந்த வடிவமானால் ஐந்தில் ஒன்று வரைக்கும் போகிறது என்பது இத்தொழிலில் பொதுவாக அறிந்த கணக்கு. பெரிய ஆலைகள் பல அளவுகளைக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்தி, ஒரே விரிப்பில் நூறு அடுக்கு வெட்டிக் கழிவைக் குறைக்கின்றன. ஒவ்வொருவர் உடம்புக்கும் தனித்தனியாக வெட்டும் எங்களுக்கு அந்த வசதி இல்லை. வேறு வசதி உண்டு. பன்னாவைப் பார்த்து வடிவத்தை மாற்றலாம். அம்பர்லா கட் என்று கேட்டு வருபவரிடம், அதில் நாலு மூலையும் வீணாகும் என்று துணியை விரித்தே காட்டி, நேர்வெட்டில் கக்கத்துக்கு ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் கை தூக்க வசதியாக இருக்கும், துணியும் மிஞ்சும் என்று சொல்லலாம். மிஞ்சியதில் காலர் உள்பட்டையும் பைத்துணியும் எடுக்கலாம். பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விட்டால், இரண்டு ஆண்டு கழித்து உடம்பு பருத்தவர் புதிதாக ஒன்று தைக்காமல் பிரித்துவிட்டுக்கொள்வார். ஆயத்த உடுப்பில் அரை அங்குலத்துக்கும் குறைவாக விட்டு ஓவர்லாக் அடித்து முடித்துவிடுகிறார்கள். பிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அரசே தைத்துக் கொடுக்கும் பள்ளிச் சீருடையிலாவது கீழ்மடிப்பில் இரண்டு அங்குலம் விட வேண்டும் என்று விதித்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஆண்டு கூடுதலாக உழைக்கும். தமிழ்நாட்டில் அந்தச் சீருடையை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள்தாம் தைக்கின்றன. அந்தச் சகோதரிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அளவுத்தாளில் எழுதினால் போதும்.

எப்படி வெட்டினாலும் கடைசியில் மிச்சம் உண்டு. அதைக் கொண்டு பை தைத்து விற்கலாமே என்பது ஒவ்வொரு கூட்டத்திலும் எங்களுக்குக் கிடைக்கும் யோசனை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் சாக்கில் இருப்பவை உள்ளங்கை அகலத் துண்டுகள். கழுத்து வளைவு, கைக்குழி வளைவு, பட்டையின் ஓரம். அவற்றை ஒட்டுப்போட்டு ஒரு பை தைக்க ஆகும் நேரத்தில் ஒரு சட்டை தைத்துவிடலாம். தவிர, ஒரு வீட்டுக்கு எத்தனை பை வேண்டும்? பட்டறைக்காரர்கள் துடைப்புத் துணியாகக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார்கள். மற்றவை கேரளப் பக்கத்தில் வீடுதோறும் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனையின் முறை வரும்வரை மூட்டையாகக் கிடக்கின்றன. நம் பக்கத்தில் பெரும்பாலும் மற்றக் குப்பையோடு போகின்றன அல்லது மாலையில் கொல்லைப்புறத்தில் எரிகின்றன. லைனிங் துணியின் பாலியஸ்டர் எரியும் புகையை யாரும் வேண்டுமென்று சுவாசிப்பதில்லை.

இத்தனைக்கும் அந்தத் துண்டுகளுக்கு விலை உண்டு. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் உள்ள ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் பனியன் வெட்டுத்துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக நூற்கின்றன. கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடுவதால் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலந்து, பத்தாம் எண், இருபதாம் எண் போன்ற தடித்த நூலாகத்தான் எடுக்க முடியும். துண்டு, விரிப்பு, லுங்கி, கையுறைக்கு அது போகிறது. நிறவாரியாகப் பிரித்துக் கொடுத்தால் அந்த நூலுக்குப் புதிதாகச் சாயமே இட வேண்டாம். பச்சைத் துண்டிலிருந்து பச்சை நூல் வரும். ஆகவே பிரித்த துணிக்கு ஒரு விலை, கலந்த துணிக்கு வேறு விலை. லைக்ரா கலந்தால் கிழிப்பதில் தொல்லை. கசவின் உலோக இழை கலந்தாலும் தொல்லைதான், இன்றைய கசவில் பெரும்பகுதி பாலியஸ்டர் இழையின்மேல் மினுக்குப் பூசியது என்பதால் இன்னும் கூடுதல். பிரிப்பதற்கு எந்திரம் வேண்டாம். வெட்டும் மேசைக்கடியில் மூன்று சாக்குக் கட்டி, பருத்தி வெள்ளை, பருத்தி நிறம், மற்றவை என்று விழும்போதே பிரித்துவிடலாம். எங்களில் சிலர் அப்படித்தான் செய்கிறோம்.

செய்து என்ன பயன்? அத்தனை தொலைவிலிருந்து எங்கள் மூன்று சாக்குக்காக யாரும் வரமாட்டார்கள். லாரி பாரம் சேர வேண்டும். சேர்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும். அமுக்கிக் கட்ட ஒரு பேல் எந்திரம் வேண்டும். பாறசாலைத் தையலகத்தின் சாக்கையும் களியக்காவிளைத் தையலகத்தின் சாக்கையும் ஒன்றாகச் சேர்க்கலாம் என்றால் எல்லை குறுக்கே நிற்கிறது. கேரளத்திலிருந்து கொண்டுவந்து திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவு, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பின் 2024 டிசம்பரில் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தச் சினம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அதன் பிறகு, கழிவு என்று சொல்லத்தக்க எந்த மூட்டையையும் ஏற்றிக்கொண்டு எல்லையைக் கடக்க எந்த வண்டிக்காரருக்கும் துணிவில்லை. பிரித்துக் கட்டிய பருத்தி வெட்டுத்துணி மில்லுக்கு மூலப்பொருள். அதற்கென ஒரு சீட்டும், இரு மாவட்டமும் ஏற்றுக்கொள்ளும் ஒரு முத்திரையும் இருந்தால் சோதனைச் சாவடியில் நிற்பவருக்கும் ஐயம் இராது.

எல்லை என்றதும் வரியைச் சொல்லாமல் விட முடியாது. முதலில் திருவிதாங்கூராகவும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியாகவும் 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சியின் கீழ் இருந்த நிலம் இது. துணி வாங்கவும் தைக்கவும் மக்கள் இன்றும் இரு பக்கமும் போய்வருகிறார்கள். பக்கத்து ஊரில் செய்ததைப் பக்கத்து ஊரில் விற்பதுதான் நீடித்த உற்பத்தியின் முதல் பாடம் என்றும் எங்களுக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் களியக்காவிளையில் தைத்த உடுப்பைச் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள பாறசாலைக் கடைக்கு விற்றால் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை. விற்றுமுதல் எவ்வளவு சிறிதானாலும் சரக்கு சேவை வரிப் பதிவு கட்டாயம். சிறு விற்றுமுதல் உள்ளவருக்கான எளிய முறையாகிய இணக்க வரி முறையில் இருப்பவர் அப்படி விற்கவே முடியாது. அதே உடுப்பை நான் சென்னைக்கு அனுப்பினால் உள்மாநில விற்பனை. எங்களில் பதிவு பெற்ற ஒருவர் பக்கத்து மாநிலத்துப் பட்டறைக்குக் கூலிவேலைக்காகத் துணி அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைந்ததானாலும் சரக்கோடு செல்ல வேண்டிய மின்வழிச் சீட்டு (இ-வே பில்) எடுக்க வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் என்ற பொது வரம்பு அங்கே பொருந்தாது. இவற்றை மாற்றுவது உங்கள் மேசையில் முடியும் காரியம் அல்ல என்பதை அறிவேன். ஆயினும் கையால் செய்த குறிப்பிட்ட கைவினைப் பொருள்களுக்கு மாநிலங்களுக்கிடையிலான விற்பனையிலும் கட்டாயப் பதிவிலிருந்து 2017-இலேயே ஒரு வரம்பு வரை விலக்கு அளிக்கப்பட்டது. கைத்தறித் துணியில் தைத்த உடுப்பை, அடுத்தடுத்த மாவட்டங்களுக்குள் விற்கும் குறுந்தொழிலுக்கும் அதுபோன்ற விலக்கு வேண்டும் என்று இரு அரசுகளும் சரக்கு சேவை வரி மன்றத்தில் கேட்பதற்குக் கீழிருந்து ஒரு பரிந்துரை போக வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் நீங்கள்தாம்.

நுகர்வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் வருமானத்துக்கு எதிராகவே. கடந்த சில ஆண்டுகளாக எங்களுக்கு வரும் பெரிய வேலைகளில் பல, ஒரே நாளுக்கான ஒரே மாதிரி உடுப்புகள்: கல்யாண வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் ஒரே நிறம், அலுவலக ஓணக் கொண்டாட்டத்துக்கு ஒரே கரை, தேவாலயத் திருவிழாவில் பாடகர் குழுவுக்கு ஒரே சட்டை. அடுத்த ஆண்டு வேறு நிறம். நாற்பது உடுப்பு ஒரு நாள் உடுத்தப்பட்டு அலமாரிக்குப் போகிறது. இதை மறுத்து வேலையைத் திருப்பி அனுப்ப எங்களுக்கு வசதி இல்லை. ஆனால் கூட்டு உடுப்பை வாடகைக்கு வைத்திருக்கவும், நிறத்தை மட்டும் பொதுவாக வைத்து ஒவ்வொருவரும் பிறகும் உடுத்தும் வடிவத்தில் தைக்கவும் சிலரிடம் பேசிப் பார்க்கிறோம். அரசு அலுவலகங்களே இதில் முன்மாதிரி காட்டலாம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இதைவிட உங்கள் கையில் இருப்பது தள்ளுபடி. ஓணத்துக்கு ஒரு தள்ளுபடி, தீபாவளிக்கு ஒரு தள்ளுபடி என்று கைத்தறி விற்பனைக்கு இரு அரசுகளும் பணம் ஒதுக்குகின்றன. நெசவாளர் பிழைப்புக்கு அது தேவை. ஆனால் அந்தப் பணம் முழுவதும் புதுத்துணி வாங்குவதற்கே போகிறது, இருப்பதைச் சீர்செய்வதற்கு ஒரு காசும் இல்லை. பிரான்சில் 2023 நவம்பர் முதல், பதிவு பெற்ற தையலகத்திலோ காலணி பழுதுபார்ப்பவரிடமோ சீர்செய்துகொண்டால் வாடிக்கையாளருக்கு வேலைக்கேற்ப 6 முதல் 25 யூரோ வரை கழித்துக்கொடுக்கப்படுகிறது; அந்தத் தொகையை உடுப்பையும் காலணியையும் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள் செலுத்துகின்றன. அங்கிருந்து அப்படியே எடுத்து இங்கே நட முடியாது. ஆனால் ஓணக் காலத்துத் தள்ளுபடியில் ஒரு சிறு பங்கை, பழைய கைத்தறிச் சேலையின் கிழிசலை இழையோட்டி மூடுவதற்கும், கரை மாற்றுவதற்கும், சேலையைச் சுடிதாராகத் தைப்பதற்கும் சீட்டாகக் கொடுத்தால், ஓணம் முடிந்ததும் வேலையற்று இருக்கும் தையலகங்களுக்கு அந்த மாதங்களில் வேலை கிடைக்கும். கேரள மகளிர் இயக்கமான குடும்பஸ்ரீயின் தையல் குழுக்களும் இந்தப் பக்கத்து மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதை ஏற்கத் தயங்கமாட்டா என்று நம்புகிறேன்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒரு கூடத்துக்கானது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையில், செயல்படாமல் கிடக்கும் ஏதாவது ஒரு கூட்டுறவுச் சங்கக் கட்டடமே போதும். அங்கே ஒரு பக்கம் பாலராமபுரத்து நெசவாளரும் நம் மாவட்டக் கைத்தறிச் சங்கங்களும் நெய்த துணியை, நான் மேலே சொன்ன நாலு வரிச் சீட்டோடு, ஐந்து மீட்டர் முதல் வெட்டி வாங்கும் வசதி வேண்டும். எங்களில் பலர் சேர்ந்து ஒரு பாவுக்கு முன்பணம் கட்டினால் அதைக் கணக்கு வைத்துப் பிரித்துத் தரும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். மறுபக்கம் பிரித்த வெட்டுத்துணியை எடைபோட்டு வாங்கி, பேல் கட்டி, பாரம் சேர்ந்ததும் மில்லுக்கு அனுப்பி, வந்த விலையை எடைக்கேற்பப் பகிர்ந்து தர வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கான பொது வசதி மையங்களுக்கு மத்திய அரசின் தொகுப்பு வளர்ச்சித் திட்டத்தில் மானியம் உண்டு. விண்ணப்பம் மாநில அரசு வழியாகவே போக வேண்டும் என்பதால், இரு மாநிலங்களில் பாதிப் பாதியாகக் கிடக்கும் எங்கள் தொகுப்பு, அதாவது ஒரே வட்டாரத்தில் ஒரே தொழில் செய்யும் தொழிலகக் கூட்டம், எந்த அலுவலகத்தின் பட்டியலிலும் முழுத் தொகுப்பாகத் தெரிவதில்லை. இரு தொழில் மையங்களும் ஒரு முறை சேர்ந்து கணக்கெடுத்தால் தெரிந்துவிடும்.

மானியத்துக்குத் தாமதமாகும் என்றால் கூடத்தை வாடகைக்கு எடுத்துத் தொடங்கலாம். வெட்டுத்துணி விலையில் ஒரு பங்கை வாடகைக்கு விட்டுக்கொடுக்க எங்களில் பலர் ஒப்புக்கொண்டிருக்கிறோம். பேல் எந்திரம் இல்லாமலும் சில மாதங்கள் சாக்கிலேயே கட்டி அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் எல்லை கடக்கும் சீட்டையும், சங்கங்கள் சிறு அளவில் விற்பதற்கான அனுமதியையும் எங்களால் எழுதிக்கொள்ள முடியாது. அவை உங்கள் கையொப்பத்துக்குக் காத்திருக்கின்றன.

ஓணத்துக்கான பாவுகள் பண்டிகைக்குப் பல மாதங்களுக்கு முன்பே தறியில் ஏறிவிடும். அதற்கு முன்னதாக இரு மாவட்ட அலுவலர்களும் நெசவாளர் சங்கங்களும் தையலகங்களும் ஒன்றாக அமரும் ஒரு கூட்டத்துக்கு நாள் குறிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பிரித்த சாக்குகளையும், எங்கள் கணக்கேடுகளையும், கடந்த ஓணத்துக்கு நாங்கள் வாங்கிய துணியின் மாதிரிகளையும் எடுத்து வருகிறோம். மாதிரிகளில் எது கைத்தறி, எது விசைத்தறி என்று கூட்டத்தில் இருக்கும் நெசவாளர்களே பார்த்துச் சொல்லட்டும்.

இங்ஙனம்,
களியக்காவிளை வட்டாரத் தையலக உரிமையாளர்கள் சார்பாக,
அவர்களுள் ஒருத்தி